மீன் செத்த ஓடையும் ஒரு பிடி கல்லும்: சுரங்க மருத்துவர் அக்ரிகோலாவின் கதை

1555 நவம்பர். இன்றைய ஜெர்மனியில் இருக்கும் கெம்னிட்ஸ் நகரத்திலிருந்து ஒரு சவ ஊர்வலம் வெளியூருக்குக் கிளம்பியது. இறந்தவர் அந்த நகரத்தின் மருத்துவர். நான்கு முறை மேயர் பதவியில் இருந்தவர். சில ஆண்டுகளுக்கு முன் கொள்ளைநோய் வந்தபோது நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்தவர். ஆனாலும் அவருக்கு அந்த ஊரில் ஆறடி நிலம் கிடைக்கவில்லை.

காரணம் மதம். ஊர் புராட்டஸ்டன்ட் பக்கம் போய்விட்டது. அவர் கடைசிவரை கத்தோலிக்கராகவே இருந்தார். அதனால் சுமார் 60 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஸைட்ஸ் நகரத் தேவாலயத்துக்கு உடல் கொண்டுபோகப்பட்டது. அங்கே பிஷப்பாக இருந்த யூலியஸ் ஃபான் ஃப்ளூக் அவருடைய பழைய நண்பர். அவர்தான் இடம் கொடுத்தார்.

சில மாதங்கள் கழித்து, 1556இல், ஸ்விட்சர்லாந்தின் பாஸல் நகரத்தில் ஒரு பெரிய லத்தீன் நூல் அச்சாகி வந்தது. பெயர், டி ரே மெட்டாலிகா. உலோகங்களைப் பற்றி என்று பொருள். 12 பாகங்கள், கிட்டத்தட்ட 300 மரச்செதுக்குப் படங்கள். எழுதியவர், அந்த ஊர்வலத்தில் போன அதே மருத்துவர். ஜார்ஜியஸ் அக்ரிகோலா.

இன்று பல நாடுகளில் புதுச் சுரங்கம் தோண்டுவதென்றால் முன்கூட்டியே ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. வெளியே எடுத்துப் போடும் கல் மழையில் நனைந்தால் அமிலமாக வடியுமா, வடியாதா? இதைச் சொல்வதற்கென்றே தனி ஆய்வகங்கள் இருக்கின்றன. அந்த ஆய்வகங்கள் செய்யும் வேலைக்கு மூன்று விஷயங்கள் அடிப்படை. மூன்றையுமே அக்ரிகோலா தன் நூலில் எழுதிவைத்திருந்தார். ஆனால் அவற்றை அவர் ஒரே கயிற்றில் கோக்கவில்லை. அந்த முடிச்சு விழ 400 ஆண்டுகள் ஆயின.

யார் இந்த அக்ரிகோலா?

1494 மார்ச் 24 அன்று, சாக்ஸனி பகுதியில் கிளௌகாவ் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா துணித் தொழில் செய்தவர். பெற்றோர் வைத்த பெயர் கியோர்க் பவர். ஜெர்மனில் அந்தக் குடும்பப் பெயருக்கு விவசாயி என்று அர்த்தம். படித்தவர்கள் எல்லோரும் தங்கள் பெயரை லத்தீனில் மாற்றிக்கொண்ட காலம் அது. இவரும் அப்படியே மொழிபெயர்த்து அக்ரிகோலா ஆனார். வாழ்நாள் முழுக்க மண்ணுக்கு அடியில் இருப்பதைப் பற்றியே எழுதியவருக்கு, மண்ணுக்கு மேல் உழுகிறவர் என்ற பெயர்.

20 வயதில் லைப்ஸிக் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1518இல் ஸ்விக்காவ் நகரப் பள்ளியில் ஆசிரியர் வேலை. லத்தீனும் கிரேக்கமும் சொல்லிக்கொடுத்தார். 1520இல் மாணவர்களுக்காகச் சின்ன லத்தீன் இலக்கண நூல் ஒன்றையும் வெளியிட்டார். அப்படியே விட்டிருந்தால் நல்ல வாத்தியாராகக் காலம் ஓடியிருக்கும்.

ஆனால் மருத்துவத்தின் மேல் ஆசை வந்தது. இத்தாலிக்குப் போனார். பொலோன்யா, வெனிஸ் என்று படிப்பு தொடர்ந்தது. வெனிஸில் புகழ்பெற்ற ஆல்டஸ் அச்சகத்தில், பழைய கிரேக்க மருத்துவர் கேலனின் நூல்களைப் பதிப்பிக்கும் வேலையிலும் சேர்ந்துகொண்டார். பழைய ஏடுகளில் வரும் கனிம மருந்துகளின் பெயர்கள் அங்கேதான் அவருக்கு அறிமுகமாயின. பெயர் தெரியும், அது எந்தக் கல் என்று தெரியாது. இந்தக் குழப்பம்தான் அவரைச் சுரங்கத்தின் வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்தியது.

வெள்ளி ஊரில் ஒரு டாக்டர்

1527இல் அவருக்கு ஊர் மருத்துவர் வேலை கிடைத்தது. ஊர், யோவாக்கிம்ஸ்தால். இன்று செக் நாட்டில் யாகிமோவ் என்று அழைக்கப்படுகிறது. 1516க்கு முன் பெரிதாக யாரும் எட்டிப் பார்க்காத மலைப் பள்ளத்தாக்கு. வெள்ளி கிடைத்ததும் ஆயிரக்கணக்கான பேர் வந்து குவிந்தார்கள். அங்கே அடித்த வெள்ளி நாணயத்துக்கு ஊர்ப் பெயரை வைத்தே யோவாக்கிம்ஸ்தாலர் என்று பெயர். அது சுருங்கி தாலர் ஆனது. தாலரிலிருந்து வந்ததுதான் இன்றைய டாலர்.

அக்ரிகோலா நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மீதி நேரத்தைச் சுரங்கத்திலும் உருக்கு உலையிலும் கழித்தார். தொழிலாளிகளிடம் கேள்வி கேட்டார். எந்தக் கல்லை எப்படி அடையாளம் காண்கிறீர்கள், இந்தச் சக்கரம் எதற்கு, தண்ணீரை எப்படி வெளியே இறைக்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டார். தொழிலாளிகளிடம் இருந்த அறிவு பெரும்பாலும் வாய்வழியாகவே போய்க்கொண்டிருந்தது. அதை எழுத்தில் கொண்டுவந்தவர் அவர்.

சுரங்கம் பற்றி அவர் எழுதிய முதல் நூல் பெர்மானஸ், 1530இல் வந்தது. சுரங்கம் தெரிந்த ஒருவரோடு நடக்கும் உரையாடல் வடிவில் எழுதியது. ஐரோப்பாவே மதித்த அறிஞர் எராஸ்மஸின் கடிதத்தோடு அச்சானது. ஒரு மலையூர் டாக்டருக்கு அது பெரிய அங்கீகாரம்.

அவர் வெறும் பார்வையாளர் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். பக்கத்தில் ஆபர்டாம் என்ற இடத்தில், கடவுளின் கொடை என்று பொருள் தரும் பெயருடைய வெள்ளிச் சுரங்கத்தில் அவருக்குப் பங்கு இருந்தது. அதிலிருந்து நல்ல வருமானமும் வந்தது. மருத்துவராக அவர் தொழிலாளியின் நுரையீரலைப் பார்த்தார். பங்குதாரராகச் சுரங்கத்தின் லாபத்தையும் பார்த்தார். அவர் எழுத்தில் இந்த இரண்டு கண்களும் தெரியும்.

சின்ன அடுப்பு, பெரிய கணக்கு

டி ரே மெட்டாலிகாவின் ஏழாம் பாகம் முழுக்கச் சோதனை பற்றியது. தாதுக் கல்லில் எவ்வளவு வெள்ளி இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அவர் விளக்கம் ரொம்ப நேரடியானது. சோதிப்பதும் உருக்குவதும் அடிப்படையில் ஒரே வேலைதான். அளவுதான் வேறு. கொஞ்சம் கல்லைச் சின்ன அடுப்பில் உருக்கிப் பார்த்தால், மலையளவு கல்லைப் பெரிய உலையில் போடுவது கட்டுப்படியாகுமா என்று தெரிந்துவிடும். சோதிக்காமல் இறங்கினால் கையில் இருக்கும் காசும் கரியாகும்.

கல்லை இடித்து, பொடியாக்கி, ஈயத்தோடு சேர்த்து உருக்க வேண்டும். பிறகு எலும்புச் சாம்பலில் செய்த மூசையில் புடம் போட வேண்டும். ஈயத்தை மூசை உறிஞ்சிக்கொள்ளும். அடியில் சின்ன வெள்ளி மணி ஒன்று மிஞ்சும். அதை எடை போட்டால் கணக்கு முடிந்தது.

இதில் அவர் காட்டும் கவனம் இன்றைய ஆய்வக ஆட்களுக்கும் பிடிக்கும். மூன்று வகைத் தராசுகளைச் சொல்கிறார். மிக நுட்பமான தராசைக் காற்றுப் படாமல் பெட்டிக்குள் வைக்கச் சொல்கிறார். சோதனை நடக்கும்போது கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்கிறார், யாராவது உள்ளே வந்து கவனத்தைக் கலைத்துவிடக் கூடாதாம். அந்தக் காலத்தில் பலர் நம்பிய மந்திரக் கோலை, அதாவது கவைக்குச்சியைப் பிடித்துக்கொண்டு உலோகம் இருக்கும் இடத்தைத் தேடும் வழக்கத்தை, அவர் நம்பவில்லை. விஷயம் தெரிந்த சுரங்கக்காரனுக்குக் கல்லும் மண்ணும் காட்டும் அடையாளங்களே போதும் என்பது அவர் கட்சி.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் ஊர்ப் பழமொழி. அதைக் கல்லுக்கு முறைப்படி எழுதிக் காட்டியவர் அக்ரிகோலா என்று சொல்லலாம். முதல் இழை இதுதான். பெரிய வேலையில் இறங்கும் முன் ஒரு பிடியை எடுத்துச் சோதி.

கல்லை மழையில் போட்டால் என்ன ஆகும்?

இரண்டாவது இழை பன்னிரண்டாம் பாகத்தில் இருக்கிறது. அங்கே உப்பு, படிகாரம், கந்தகம் போன்றவற்றைத் தயாரிக்கும் முறைகளை விவரிக்கிறார். அவற்றில் ஒன்று விட்ரியால். இரும்பிலிருந்து வரும் பச்சை விட்ரியாலை நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் கொடுப்பார்கள். வேதியியல் பெயர் இரும்பு சல்பேட். ஐரோப்பாவில் எழுதும் மைக்கும் துணிச் சாயத்துக்கும் அது தேவைப்பட்டது. துணித் தொழில் நடந்த வீட்டில் வளர்ந்தவருக்கு அதன் அருமை தெரிந்திருக்கும்.

எப்படித் தயாரித்தார்கள்? பைரைட் போன்ற கற்களை வெட்டவெளியில் குவியலாகக் கொட்டுவார்கள். மழை, வெயில், பனி எல்லாம் அதன் மேல் படும்படி பல மாதங்கள் விடுவார்கள். நடுநடுவே மண்வெட்டியால் புரட்டிப்போடுவார்கள். அடியில் இருப்பது மேலே வந்தால் அதற்கும் காற்றுப் படும் அல்லவா? கடினமாக இருந்த கல் மெல்ல மெல்ல உதிர்ந்து பொடியாகும். அதைத் தண்ணீரில் ஊறவைத்து, வடித்து, ஈயப் பாத்திரத்தில் காய்ச்சுவார்கள். பிறகு சின்னக் கல் கட்டிய கயிறுகளைத் தொட்டிக்குள் தொங்கவிட்டால் படிகம் படிகமாக விட்ரியால் ஒட்டிக்கொள்ளும். சுரங்கத்துக்குள் தானாக ஊறி வரும் விட்ரியால் நீரைச் சேர்த்துக் காய்ச்சுவதும் உண்டு என்று எழுதினார்.

பைரைட் பொன் போல மின்னும். ஆனால் அது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். பூமிக்குள் காற்றுப் படாமல் இருக்கும்வரை சாதுவாக இருக்கும். தோண்டி வெளியே போட்டால் காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் மழைநீரும் சேர்ந்து அதைச் சிதைக்கும். அப்போது வருவது இரண்டு பொருள்கள். ஒன்று இரும்பு சல்பேட். இன்னொன்று கந்தக அமிலம். கூடவே பாறையில் இருக்கும் செம்பு, துத்தநாகம், காட்மியம், ஆர்சனிக் போன்றவற்றையும் அந்த அமிலம் கரைத்துக்கொண்டு ஓடும்.

இந்த வேதியியல் அக்ரிகோலாவுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஆக்ஸிஜன் கண்டுபிடிக்கப்படவே இன்னும் 200 ஆண்டுகளுக்கு மேல் ஆக வேண்டும். இந்தச் சிதைவைப் பல மடங்கு வேகப்படுத்தும் பாக்டீரியாவைச் சுரங்க நீரிலிருந்து ஆய்வாளர்கள் அடையாளம் கண்டது 1947இல்தான். ஆனால் கல், காற்று, தண்ணீர், காலம் என்ற நான்கும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை அவர் கண்ணால் பார்த்து எழுதிவிட்டார். அவருக்கு அது ஒரு தொழில். தொட்டிக்குள் நடந்தால் காசு. அதே விஷயம் யாரும் கவனிக்காத கழிவுக் குவியலிலும் நடக்கும், ஓடைக்குள் போய்ச் சேரும் என்ற கோணம் அந்த விவரிப்பில் இல்லை.

செத்த மீனுக்கு என்ன பதில்?

அப்படியானால் ஓடைகள் கெடுவது அவருக்குத் தெரியவே தெரியாதா? தெரியும். மூன்றாவது இழை முதல் பாகத்திலேயே இருக்கிறது.

சுரங்கத் தொழிலை எதிர்ப்பவர்கள் என்னென்ன சொல்கிறார்கள் என்று அவர் ஒரு பட்டியல் போடுகிறார். வயல்கள் பாழாகின்றன, அதனால்தான் ஒரு காலத்தில் இத்தாலியில் தோண்டுவதற்கே சட்டப்படி தடை இருந்தது. மரங்களை வெட்டிக் காடு அழிகிறது. காடு போனதும் பறவையும் விலங்கும் போகின்றன. தாதுவைக் கழுவிய தண்ணீர் ஓடைகளில் கலந்து நஞ்சாகிறது. மீன்கள் ஒன்று சாகின்றன, அல்லது ஓடிப்போகின்றன. தோண்டி எடுத்த உலோகத்தின் மதிப்பை விட இழப்பு பெரிது. எதிராளியின் வாதத்தை மழுப்பாமல் முழுசாக எழுதியது அவருடைய நேர்மை.

அவர் சொன்ன பதில்தான் இன்று படித்தால் இடிக்கிறது. சுரங்கங்கள் பெரும்பாலும் ஒன்றும் விளையாத மலைகளிலும் இருண்ட பள்ளத்தாக்குகளிலும்தான் இருக்கின்றன, அதனால் வயலுக்குச் சேதம் குறைவு என்றார். மரம் வெட்டிய இடத்தில் பயிர் செய்யலாம் என்றார். பறவையும் மீனும் போனால் போகட்டும், உலோகத்தில் வரும் பணத்தைக் கொண்டு வேறு இடத்திலிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்ற அளவில் அந்த வாதத்தை முடித்துவிட்டார். உலோகம் இல்லாமல் ஏரும் இல்லை, கத்தியும் இல்லை, மனித வாழ்க்கையே இல்லை என்பதுதான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது.

இதே மனிதர் தொழிலாளி விஷயத்தில் இப்படிப் பேசவில்லை என்பது கவனிக்க வேண்டியது. ஆறாம் பாகத்தில் சுரங்க நோய்களைப் பற்றி எழுதும்போது மருத்துவர் முழுசாக வெளியே வருகிறார். தூசி நுரையீரலை அரிப்பதைச் சொல்கிறார். கார்பேத்திய மலைச் சுரங்க ஊர்களில், ஏழு கணவர்களை அடுத்தடுத்து இந்த நோய்க்குப் பறிகொடுத்த பெண்கள் இருந்ததைப் பதிவு செய்கிறார். சில சுரங்கங்களில் ஈரமான கனிமம் காலையும் கையையும் அரித்துவிடும், அதனால் உயரமான தோல் காலணி, முழங்கைவரை கையுறை, முகத்துக்குத் திரை வேண்டும் என்கிறார். காற்றோட்டத்துக்கு என்னென்ன இயந்திரம் வைக்கலாம் என்று படம் போட்டுக் காட்டுகிறார்.

மனித உடம்பு என்று வந்தால் தடுக்கும் வழியைத் தேடினார். ஓடை என்று வந்தால் விலை பேசினார்.

மூன்று இழைகளும் சேர்ந்த இடம்

முதலில் ஒரு பிடியைச் சோதி. கல் மழையில் கிடந்தால் உருமாறும். சுரங்கத் தண்ணீர் ஓடையைக் கெடுக்கும். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கேள்வி தானாக எழும். எந்தக் கல் ஓடையைக் கெடுக்கும் என்று தோண்டும் முன்பே ஒரு பிடியில் சோதித்துவிட முடியாதா?

இந்தக் கேள்விக்கு முறையான பதில் 1970களில்தான் அமெரிக்காவின் நிலக்கரிப் பகுதியில் உருவானது. வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நிலக்கரிக்கு மேலே இருக்கும் பாறை அமிலமாகுமா என்று சோதிக்க ஆரம்பித்தார்கள். 1978இல் சோபெக் என்பவரும் அவருடைய சகாக்களும் எழுதிய கையேட்டை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்டது. இன்றும் இந்தத் துறையில் அந்தப் பெயர் அடிபடும்.

முறை நம் வீட்டு வரவு செலவுக் கணக்கு மாதிரிதான். கல்லில் எவ்வளவு கந்தகம் இருக்கிறது என்று அளப்பது செலவுப் பக்கம். அமிலத்தைத் தணிக்கும் சுண்ணாம்பு போன்ற கனிமங்கள் எவ்வளவு என்று அளப்பது வரவுப் பக்கம். ஒரு டன் கல்லில் 1 சதவீதம் பைரைட் கந்தகம் இருந்தால், அது உண்டாக்கக்கூடிய அமிலத்தைத் தணிக்க 31.25 கிலோ சுண்ணாம்புக் கல் வேண்டும்.

உதாரணத்துக்கு, ஒரு பாறையில் 2 சதவீதம் கந்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேவை 62.5 கிலோ. அந்தப் பாறைக்குள் தணிக்கும் சக்தி 40 கிலோ அளவுக்குத்தான் இருக்கிறது. துண்டு விழுவது 22.5 கிலோ. பொதுவாக 20 கிலோவுக்கு மேல் துண்டு விழுந்தால் அமிலம் வர வாய்ப்பு அதிகம் என்று எடுத்துக்கொள்வார்கள். 20 கிலோவுக்கு மேல் மிச்சம் இருந்தால் பரவாயில்லை. நடுவில் இருப்பது சந்தேகக் கேஸ்.

இன்னொரு குறுக்குவழியும் உண்டு. 2.5 கிராம் கல் மாவில் 250 மில்லி ஹைட்ரஜன் பெராக்ஸைடு கரைசலை ஊற்றுவார்கள். காற்று பல ஆண்டுகளில் செய்யும் வேலையை அது சீக்கிரமாகச் செய்துவிடும். எல்லாம் அடங்கிய பிறகு கரைசலின் pH 4.5க்குக் கீழே இருந்தால் அபாய மணி. pH 7 என்பது நடுநிலை, எண் இறங்க இறங்க அமிலம் ஏறும்.

ஒரு சோறு பதம் போதாத இடம்

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. வெள்ளி எவ்வளவு என்று பார்க்க ஒரு நாள் போதும். வெள்ளி இன்று இருக்கும் பொருள். அமிலம் அப்படி இல்லை, இனிமேல் வரப்போவது.

கந்தகக் கணக்கில் பல ஓட்டைகள் உண்டு. கல்லில் இருக்கும் எல்லாக் கந்தகமும் அமிலம் ஆகாது. ஜிப்சம் போன்றவற்றில் இருக்கும் கந்தகம் ஏற்கெனவே அடங்கிப்போனது. அதேபோல, சோதனையில் சுண்ணாம்பு மாதிரி நடிக்கும் சில இரும்புக் கனிமங்கள், நிஜத்தில் அமிலத்தைத் தணிக்க உதவாது. இன்னொரு பொறி, நேரம். சுண்ணாம்பு இருக்கும்வரை வெளியே வரும் தண்ணீர் நல்லதாகவே இருக்கும். அது தீர்ந்த பிறகுதான் குட்டு வெளிப்படும். அதற்குள் பல ஆண்டுகள் ஓடிப்போகலாம். சுரங்கமே மூடப்பட்டிருக்கலாம்.

அதனால்தான் ஹியூமிடிட்டி செல் என்ற நீண்ட சோதனை வந்தது. சுமார் ஒரு கிலோ நொறுக்கிய கல்லை ஒரு குழாய்க்குள் போடுவார்கள். மூன்று நாள் உலர்ந்த காற்று. மூன்று நாள் ஈரக் காற்று. ஏழாம் நாள் தண்ணீர் ஊற்றிக் கழுவி, வடிந்ததைச் சோதிப்பார்கள். அதில் pH என்ன, சல்பேட் எவ்வளவு, எந்தெந்த உலோகம் கரைந்து வந்திருக்கிறது என்று வாராவாரம் குறிப்பார்கள். குறைந்தது 20 வாரம். பல சமயம் ஒரு வருஷத்துக்கு மேலும் போகும்.

இதை எங்கேயோ படித்த மாதிரி இருக்கிறதா? மழையும் வெயிலும் படக் கல்லைக் கொட்டி, புரட்டிப் போட்டு, மாதக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் தண்ணீரில் கழுவி வடித்த அதே விட்ரியால் குவியல்தான். அக்ரிகோலாவின் காலத்தில் வடிகட்டிய நீர் விற்பனைக்குப் போனது. இன்றைய ஆய்வகத்தில் அதே நீர் எச்சரிக்கையாகிறது.

மாதிரிக் கல்லை எங்கிருந்து எடுப்பது என்பதும் பெரிய கேள்வி. ஒரு மலையில் பத்தடி தள்ளினால் பாறை மாறிவிடும். நல்ல பகுதியிலிருந்து மட்டும் பத்து மாதிரி எடுத்தால் அறிக்கை பச்சைக்கொடி காட்டும், மலை வேறு மாதிரி நடந்துகொள்ளும். எனவே துளையிட்டு எடுத்த கல்தூண்களிலிருந்து ஒவ்வொரு பாறை வகைக்கும் தனித்தனியாக மாதிரி எடுப்பார்கள்.

இவ்வளவு பாடு எதற்கு? கலிஃபோர்னியாவின் அயன் மவுன்டன் சுரங்கத்துக்குள் ஊறிய நீரில் pH மைனஸ் 3.6 வரை அளந்திருக்கிறார்கள். கார் பேட்டரிக்குள் இருக்கும் அமிலத்தை விடக் கடுமை. மூடிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் அங்கே நீரைச் சுத்திகரித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. சுரங்கத்தின் ஆயுள் சில பத்து ஆண்டுகள். அமிலம் வடியும் காலம் நூற்றாண்டுகள்.

கடைசி ஆண்டுகள்

யோவாக்கிம்ஸ்தாலில் சில ஆண்டுகள் மட்டுமே இருந்த அக்ரிகோலா, 1531 வாக்கில் கெம்னிட்ஸுக்கு மருத்துவராக வந்து அங்கேயே தங்கிவிட்டார். 1546இல் கனிமங்களை வகை பிரித்து எழுதிய நூல் வந்தது. நிறம், எடை, சுவை, கடினம் என்று கண்ணுக்கும் கைக்கும் நாக்குக்கும் தெரியும் குணங்களை வைத்தே பிரித்தார். கனிமவியலின் தந்தை என்ற பெயர் அவருக்கு வந்தது இதனால்தான். அதே ஆண்டில் மேயர் பதவியும் வந்தது. சாக்ஸனி ஆட்சியாளர் மோரிட்ஸ் ஒரு புராட்டஸ்டன்ட். ஆனாலும் இந்தக் கத்தோலிக்க டாக்டரை நம்பித் தூது அனுப்பினார்.

பிறகு கொள்ளைநோய் வந்தது. அந்த அனுபவத்திலிருந்து 1554இல் கொள்ளைநோய் பற்றிய நூல் ஒன்றையும் வெளியிட்டார்.

பெரிய நூலின் எழுத்து வேலை 1550 வாக்கிலேயே முடிந்துவிட்டது. படங்கள்தான் இழுத்தன. சொல்லால் விளக்கினால் எதிர்காலத்தில் வருகிறவர்களுக்குப் புரியாமல் போய்விடக்கூடும் என்று கருவி, சக்கரம், உலை எல்லாவற்றையும் வரைய ஆள் வைத்தார். அந்தப் படங்களை மரத்தில் செதுக்கி முடிப்பதற்குள் அவர் ஆயுள் முடிந்தது. 1555 நவம்பர் 21 அன்று இறந்தார். வாழ்நாள் உழைப்பு அச்சில் வந்ததை அவர் பார்க்கவில்லை.

அந்த நூல் அடுத்த ஏறக்குறைய 200 ஆண்டுகள் சுரங்கத் தொழிலுக்குக் கைப்புத்தகமாக இருந்தது. ஆங்கிலத்தில் முழுசாக வந்தது 1912இல். மொழிபெயர்த்தவர்கள் ஒரு தம்பதி. கணவர் சுரங்கப் பொறியாளர் ஹெர்பர்ட் ஹூவர், பின்னாளில் அமெரிக்க அதிபர். மனைவி லூ ஹென்றி ஹூவர், ஸ்டான்ஃபோர்டில் புவியியல் படித்தவர், லத்தீன் தெரிந்தவர். ஜெர்மன் சுரங்கத் தொழிலாளிகளின் சொற்களுக்கு லத்தீனில் வார்த்தை இல்லாததால் அக்ரிகோலா தானே பல சொற்களை உருவாக்கியிருந்தார். அவை என்ன என்று கண்டுபிடிக்கவே அந்தத் தம்பதிக்குப் பாதி உயிர் போனது.

அக்ரிகோலா தன் எழுத்தில் குறிப்பிட்ட ஊர்களில் ஒன்று ஸ்மோல்னிக். அன்று ஹங்கேரி, இன்று ஸ்லோவாக்கியா. அங்கே சுரங்கத்திலிருந்து இறைத்த நீரில் பழைய இரும்பைப் போட்டால் அது செம்பாகிவிடுகிறது என்று அவர் எழுதினார். உண்மையில் இரும்பு செம்பாக மாறவில்லை. அமில நீரில் கரைந்திருந்த செம்பு இரும்பின் மேல் படிந்தது, இரும்பு கரைந்துபோனது. அவருக்கு அது அதிசய நீர், லாபமான நீர்.

அந்தச் சுரங்கம் 1990களின் தொடக்கத்தில் மூடப்பட்டு, உள்ளே நீர் நிரம்பியது. 1994இல் அந்த நீர் வெளியே வழிந்தது. ஸ்மோல்னிக் ஓடையில் மீன்கள் செத்து மிதந்தன. அதே பாறை, அதே தண்ணீர். மீனை வேறு இடத்திலிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்று அவர் போட்ட கணக்கில், அந்த ஓடையின் பெயர் வரவில்லை.